வீட்டு ஒளிப்பதிவுச் சேர்வரை வலுவான கணினிக்கு மாற்றுவோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

திருமணம், அம்மன் சடங்கு, வடமோடி, தென்மோடிக் கூத்து ஆகியவற்றின் பழைய வீடியோ கசற்றுகளைக் கணினிக் கோப்புகளாக்கி, ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் வன்தட்டை இணைத்து, ஜெலிஃபின் என்னும் இலவச மென்பொருள் வழியாக வீட்டுத் தொலைக்காட்சியிலும் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் கைத்தொலைபேசியிலும் பார்க்கும் குடும்பங்கள் மட்டக்களப்பில் உள்ளன. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. இப்படிப் பிற கருவிகளுக்குக் காட்சிகளை அனுப்பும் கணினியே சேர்வர். சேகரிப்புப் பெருகியதும் சிறு கணினி திணறத் தொடங்குகிறது. வலுவான கணினி வாங்கலாம் என்ற எண்ணம் எழுகிறது. அதனை எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதில் தெளிவு தேவை என்பதால் இதனை எழுதுகிறேன்.

திணறலுக்குப் பெரும்பாலும் கோப்பின் வடிவமே காரணம். கசற்றிலிருந்து எடுத்த பதிவுகள் பல எம்பெக்-2 என்னும் பழைய காட்சி வடிவில், ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறிப் பதியப்பட்டவையாக உள்ளன. கைத்தொலைபேசியோ இணைய உலாவியோ அவற்றை ஏற்காதபோது, பார்க்கும் அந்த வேளையிலேயே சேர்வர் அவற்றை எச்.264 என்னும் பரவலான வடிவுக்கு மாற்றி அனுப்ப வேண்டும். விடிய விடிய ஆடிய கூத்தொன்றை லண்டனில் ஒருவரும் இங்கு ஒருவரும் ஒரே நேரத்தில் திறந்தால், மத்தள அடியும் காற்சதங்கையும் பாதியில் அறுந்து, சுழலும் வட்டம் மட்டுமே திரையில் எஞ்சுகிறது.

ஆகவே, காட்சியை மாற்றுவதற்கென்றே தனி வன்பொருள் உள்ள செயலியைத்தான் தேட வேண்டும். ராஸ்பெரி பை 4 இல் இருந்த, காட்சியை எச்.264 வடிவுக்கு மாற்றும் வன்பொருள், 2023 இல் வெளிவந்த ராஸ்பெரி பை 5 இல் இல்லை. புதியது என்பதற்காக மட்டும் அதனை வாங்குவது இத்தேவைக்கு உதவாது. இன்டெல் செயலிகளில் 2011 முதல் குயிக் சிங்க் என்னும், காட்சியை மாற்றும் பகுதி உண்டு. பாவித்த அலுவலகக் கணினி வாங்குவோர் 7 ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ எனப் பார்த்து வாங்கினால் நிற நுணுக்கம் கூடிய 10 பிட் எச்.265 காட்சிகளும் தடையின்றி ஓடும். எஃப் என்ற எழுத்தில் முடியும் மாதிரிகளில் அப்பகுதி இல்லை. 6 வாட் அளவிலான இன்டெல் என்100 செயலி பொருத்திய சிறிய பெட்டிக் கணினியே ஒரு வீட்டுக்குப் போதும் என்பது என் கருத்து.

விளையாட்டுக்கென அமைத்த பெரிய கணினியை இதற்கென வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை. இரவு பகலாக 60 வாட் இழுக்கும் கணினி மாதத்துக்கு ஏறத்தாழ 43 அலகு மின்சாரத்தை எடுக்கும். 10 வாட் இழுப்பது 7 அலகுடன் நின்றுவிடும். பாவனை கூடக் கூட அலகின் விலையும் ஏறும் நம் மின்பட்டியலில் இது சிறிய வேறுபாடு அன்று. மின்தடையின்போது ஒழுங்காக அணைவதற்கு ஒரு யூ.பி.எஸ். கட்டாயம் வேண்டும்.

கோப்புகளை இடம் மாற்றும்போது, பலரும் எதிர்பாராத ஓர் இடர் தமிழ்ப் பெயர்களில் உண்டு. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறையில் அமைந்த வன்தட்டில் ஒரு பெயர் 255 குறியீடுகள் வரை நீளலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் எல்லை 255 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிப்பதால் 85 குறியீடுகளிலேயே இடம் தீர்ந்துவிடும். எழுத்தும் அதனோடு வரும் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், 'கூத்து' என்று எழுதவே 6 குறியீடுகள், அதாவது 18 பைட் வேண்டும். கூத்தின் பெயர், அதைப் பழக்கிய அண்ணாவியார், கோயில், ஊர், ஆண்டு என்று அக்கறையோடு நீளமாகப் பெயரிட்ட கோப்புகளே இதனால் நகலாகாமல் விடுபடுகின்றன. வேகமாக வரிகள் ஓடும் திரையில், நகலாகவில்லை என்ற அறிவிப்புக் கண்ணில் படாமலும் போகலாம். பெயரை முன்கூட்டியே சுருக்கி, விவரங்களைத் தனிக் குறிப்பாக எழுதி வைக்க வேண்டும்.

ஜெலிஃபினை நிறுத்திய பின்னரே அதன் தரவுக் கோப்புறையை நகலெடுக்க வேண்டும். கோப்புகளின் பாதையும் பழையபடியே இருக்க வேண்டும்; மாறினால் மென்பொருள் அவற்றைப் புதியவையாகக் கருதி, பார்த்த விவரங்களை இழந்துவிடும். ஆர்சிங்க் என்னும் நகலெடுக்கும் மென்பொருள் மூலம் இரு வன்தட்டுகளையும் உள்ளடக்கம் வரை ஒப்பிட்டுப் பார்க்கும் வரையில் பழையதை அழிக்கக் கூடாது.

1978 சூறாவளியிலும் 2004 ஆழிப்பேரலையிலும் குடும்பப் படங்களை முழுவதுமாக இழந்த வீடுகள் இக்கரையில் உள்ளன. எனவே, பழைய ராஸ்பெரி பையை விற்றுவிடாமல், இரண்டாவது வன்தட்டொன்றை அதில் இணைத்து, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ள உறவினர் வீட்டில், வெள்ளம் எட்டாத உயரத்தில் வைத்து, புதிய கோப்புகளை மட்டும் இரவில் இணையம் வழியாக நகலெடுக்குமாறு அமைக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். காட்சியை மாற்றும் சுமை இல்லாத அவ்வேலைக்கு அதன் வலு தாராளமாகப் போதும்.

இங்ஙனம்,
வாசகர்,
ஆரையம்பதி, மட்டக்களப்பு.