வரிக்குப் பின் என்றொரு கட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் 'டெபாசிட்டில் தூங்கும் பணத்தை எழுப்புங்கள்' கட்டுரை படித்தேன். வங்கியில் 7 சதவீதம், குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணம் போடும் மணி மார்க்கெட் ஃபண்டில் 7.2, ஆகவே மூத்த குடிமக்கள் மாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம் என்று முடித்திருக்கிறார் உங்கள் நிபுணர்.

என் பணமும் நிம்மதியாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தது. 2023 மே மாதம் இதே மாதிரி ஒரு யோசனையைக் கேட்டு 6 லட்சத்தை எழுப்பி ஃபண்டில் போட்டேன். அடுத்த வருடம் பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்காக எடுத்தபோது லாபம் 43,200 ரூபாய். வங்கியிலேயே விட்டிருந்தால் 42,000. 1,200 ரூபாய் அதிகம் என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன்.

ஆடிட்டர் அந்த 43,200-ஐப் பென்சிலால் சுழித்து, ஓரத்தில் 8,986 என்று எழுதினார். செஸ் என்ற கூடுதல் வரியோடு 20.8 சதவீதம் வரி. "இதையே பேங்க் வட்டியா வாங்கியிருந்தா 80 டி.டி.பி.யில, அதான் சீனியர் சிட்டிசன் வட்டிக் கழிவுல, 50,000 வரைக்கும் கழிச்சிருப்பேனே சார்" என்றார். அந்தக் கழிவு உள்ள பழைய வரிமுறையில்தான் நான் இருந்தேன், வேறு வங்கி வட்டியும் கிடையாது. 35 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? அந்த 1,200-ஐ என் மனைவி இன்னும் விசாரிக்கிறாள்.

உங்களுக்குத் தெரியாததல்ல. 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய இந்த வகை ஃபண்டுகளில், எத்தனை வருடம் வைத்திருந்தாலும், லாபம் மொத்தமும் வருமானத்தோடு சேர்ந்து அவரவர் வரி விகிதத்துக்குப் போகிறது. அதற்கு முந்தின வருடம்தான் 'மூன்று வருடம் வைத்திருங்கள், இண்டெக்சேஷன் (விலைவாசி உயர்வைக் கழித்து லாபத்தைக் கணக்கிடும் சலுகை) காப்பாற்றும்' என்று இதே பக்கத்தில் முழங்கினீர்கள். சட்டம் மாறியதும் நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே நாலு வரி. 2020-ல் டிவிடெண்ட் (லாபப் பங்கு) வரி நம் தலையில் விழுந்தபோதும் இதே கதைதான். அப்போது நான் எழுதிய கடிதத்தை வெட்டி, கட்டுரையைப் பாராட்டிய முதல் வரியை மட்டும் போட்டீர்கள். மிக்க நன்றி.

ஃபண்டே கூடாது என்று சொல்ல வரவில்லை. அதை எடுக்கும்வரை வரி இல்லை, டி.டி.எஸ். என்று முன்கூட்டியே பிடிக்கும் வரியும் இல்லை. இப்போது புதிய முறையில் 12 லட்சத்துக்குள் வருமானம் உள்ள பென்ஷன்காரருக்கு வங்கி வட்டி, ஃபண்ட் லாபம் இரண்டுக்குமே வரி வராது. அவர் தாராளமாக 7.2-ஐப் பார்க்கலாம், அதுவும் போன வருடக் கணக்குதான், வாக்குறுதி அல்ல. 30 சதவீதக்காரருக்கோ அதே 7.2-ல் வரியும் செஸ்ஸும் போகக் கையில் நிற்பது 4.95. ராசிபலனுக்குக்கூட ஆளுக்கொன்றாக 12 கட்டம் போடுகிறீர்கள். வரி கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பலனா?

வாராவாரம் போடும் ஃபண்டு பட்டியலில் 5, 20, 30 சதவீதக்காரர்களுக்கு 'வரிக்குப் பின்' என்று கட்டம் சேருங்கள். இடம் போதாதென்றால் நிபுணரின் புகைப்படத்தைச் சற்றுச் சுருக்கலாம். அப்புறம், நட்சத்திரக் குறி போட்ட அடிக்குறிப்பைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்சிட்டால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காசிரியர்,
கும்பகோணம்.