கேக்காம ஏறுற சர்வீஸுக்கு பூட்டு போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் முக்கூடல்ல ரீசார்ஜ் கடை வச்சிருக்கேன். நாட்டுல எவ்வளவோ பிரச்சனை இருக்கும்போது முப்பது ரூபா நாப்பது ரூபா போறதுக்கு ஒரு கடுதாசியான்னு நீங்க நெனைக்கலாம், ஆனா அந்த முப்பது ரூபா யார்கிட்ட இருந்து போகுதுன்னு தெனமும் கண்ணால பாக்குறவன் நான், அதனாலதான் எழுதுதேன். காலர் டியூன், ஜோசியம், கிரிக்கெட் ஸ்கோர், பக்திப்பாட்டு, டிவி போட்டின்னு போன்ல காசு புடிக்கிற சர்வீஸ் இருக்குல்லா, அத பத்தியும், வெளிநாட்டு நம்பர்ல இருந்து வார மிஸ்டு கால பத்தியும்தான் சொல்ல வாரேன். எந்த கம்பெனி சிம்மா இருந்தாலும் இதெல்லாம் மொதல்லயே பூட்டி இருக்கணும், வேணும்னு வாய விட்டு கேக்குறவங்களுக்கு மட்டும்தான் தொறக்கணும். இப்ப எல்லாருக்கும் தொறந்து கெடக்கு, வேண்டாம்னு சொல்லுற வேலைய மட்டும் ஜனங்க தலையில கட்டி வச்சிருக்காங்க.

ஒரு விஷயத்த மொதல்ல சொல்லிருதேன். இப்ப பெரும்பாலும் அன்லிமிடெட் பேக்தான் போடுதாங்க, மெயின் பேலன்ஸ்ல காசு வைக்கிற ஆளே கொறஞ்சு போச்சு. இன்னும் வைக்கிறது யாருன்னு பாத்தா பட்டன் போன் வச்சிருக்குற வயசானவங்க, வெளிநாட்டுல இருக்குற புள்ளைக்கு பேசணும்னு டாப்பப் போடுதவங்க. இந்த சர்வீஸ் காசு அந்த மெயின் பேலன்ஸ்ல இருந்துதான் போகும். ஆப்ப தொறந்து என்னென்ன ஆக்டிவேட் ஆகிருக்குன்னு பாக்கத் தெரிஞ்சவன்கிட்ட புடிக்க காசு இல்ல, பாக்கத் தெரியாத ஆச்சிகிட்டதான் இருக்கு. யார் தலையில விழுதுங்குறது இதுலயே தெரிஞ்சிரும்.

எங்க ஊரு பீடி ஊரு. சொளவ மடியில வச்சு, நறுக்குன இலை ஒரு பக்கம் தூளு ஒரு பக்கம்னு கை நிக்காம ஓடிட்டே இருக்கும், ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னுதான் கூலி. அந்த நேரம் பாத்து போன் அடிக்கும், பள்ளிக்கூடத்துல இருந்து புள்ளைக்கு என்னமும் ஆகிப்போச்சோன்னு தூளு ஒட்டுன கையோட எடுப்பாவ, எடுத்தா பாட்டு ஓடும், பாட்டுக்கு நடுவுல ஒரு கொரல் இத காலர் டியூனா வைக்க ஒண்ண அமுக்குங்கன்னு கடகடன்னு சொல்லிட்டு போகும், சில நேரம் அதுவும் ஹிந்தில. கட் பண்ணணும்னு அவசரத்துல எதையாவது அமுக்குவாவ, பட்டன்ல எழுத்தெல்லாம் எப்பவோ தேஞ்சு போயிருக்கும். அவ்வளவுதான், சர்வீஸ் ஏறிரும். கொஞ்ச நேரத்துல இங்கிலீஷ்ல ஒரு மெசேஜ் வரும், அத யாரு படிக்கா. ரெண்டு நாள் கழிச்சு கடைக்கு வந்து நிப்பாவ, "அண்ணாச்சி, முந்தாநாளுதான உங்ககிட்ட போட்டுட்டு போனேன், நான் யாருக்கும் பேசவே இல்லயே, காசு எங்கன போச்சு"ன்னு. போன வாங்கி பாத்தா உள்ள இந்த கதைதான் இருக்கும்.

ஒரு அக்காவுக்கு நடந்தத மறக்கவே முடியல. மாமியா செத்து பதினாறு கூட கழியல, துக்கம் விசாரிக்க போன் பண்ணுற சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் ஒரு குத்துப்பாட்டு கேட்ருக்கு. நமக்கு போன் பண்ணுறவங்களுக்குத்தான காலர் டியூன் கேக்கும், நமக்கு கேக்காது, அதனால அந்த அக்காவுக்கு ஒண்ணும் தெரியல. வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருத்தர் முகத்துக்கு நேரா கேட்டுட்டாரு, என்ன பழக்கம் இதுன்னு. அந்த அக்கா கடையில வந்து அழுதத பாத்தா இது முப்பது ரூபா விஷயம்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

சட்டம் இல்லாம இல்ல. ட்ராய், அதான் 1997ல ஆரம்பிச்ச டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையம், 2013லயே ஒரு உத்தரவு போட்ருக்கு. சர்வீஸ ஆக்டிவேட் பண்ணுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை சம்மதம் வாங்கணும், ரெண்டாவது சம்மதத்த சர்வீஸ விக்கிறவன் இல்லாம வேற ஒரு இடத்து மூலமா வாங்கணும், எல்லா கம்பெனிக்கும் பொதுவா 155223ன்னு ஒரு இலவச நம்பர் இருக்கணும், அதுல கூப்புட்டு நிறுத்திக்கிடலாம். நல்ல உத்தரவுதான், நான் குத்தம் சொல்லல. ஆனா இந்த நம்பர பத்தி கடைக்கு வாரவங்ககிட்ட கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. ரெண்டு சம்மதமும் ஒரு பட்டன அமுக்குறதுதான்னா, மொதல் தடவை தெரியாம அமுக்குனவங்க ரெண்டாவது தடவையும் தெரியாமத்தான அமுக்குவாங்க. இங்கிலீஷ்ல கேட்டு ஓகேன்னு வாங்குறது சம்மதமே கெடையாதுன்னு நான் சொல்லுவேன்.

பேங்க் விஷயத்துல பாருங்க. மாசாமாசம் ஆட்டோபேல காசு எடுக்கணும்னா எடுக்குறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே இவ்வளவு எடுக்கப் போறோம்னு சொல்லணும், வேண்டாம்னா நாம நிறுத்திக்கிடலாம்னு ரிசர்வ் பேங்க் விதி 2021 அக்டோபர்ல இருந்து இருக்கு. போன் பேலன்ஸும் நம்ம காசுதான, அதுக்கும் அதே மாதிரி, அதுவும் தமிழ்ல, முந்தின நாளே சொல்லச் சொன்னா என்ன கொறஞ்சு போகும்?

அடுத்தது மிஸ்டு கால். இது எங்க பக்கத்துக்குன்னே வலை விரிச்ச மாதிரி இருக்கு. மேலப்பாளையம், ஏர்வாடி, கடையநல்லூர்னு எந்த பக்கம் போனாலும் வீட்டுக்கு ஒரு புள்ளயாவது சவுதியிலயோ துபாய்லயோ கத்தார்லயோ இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரே ஒரு ரிங் அடிச்சு கட் ஆகுது, பாத்தா பிளஸ் போட்டு நீளமா ஒரு நம்பரு. மகன் வெளிநாட்டுல இருக்குற தாயி அத பாத்துட்டு சும்மா தூங்குவாளா? திருப்பி போடுவா. அந்தப் பக்கம் பாட்டு ஓடும், இல்லன்னா யாரோ ஹலோ ஹலோன்னுட்டே இருப்பாங்க, இவளும் லைன்ல நின்னு வாப்பா வாப்பான்னு கூப்புடுவா, நிமிஷத்துக்கு நிமிஷம் காசு எறங்கும். அந்த நம்பருக்கு வார கால் ரேட்டே அதிகம், அதுல ஒரு பங்கு நம்பர வச்சிருக்குறவனுக்கு போகும், அவ்வளவு நேரம் லைன்ல நிறுத்தி வைக்கிறது அதுக்குத்தான். இதுக்கு வாங்கிரின்னு ஜப்பான் பேரு, உலகம் பூரா நடக்குது.

உங்க பேப்பர் படிக்கிறவங்களுக்கு இது உபயோகப்படும்னு சொல்லுதேன்: சவுதி நம்பர் 966ல ஆரம்பிக்கும், துபாய் அபுதாபி எல்லாம் 971, கத்தார் 974, குவைத் 965, ஓமன் 968, பஹ்ரைன் 973. பிளஸ்ஸுக்கு அடுத்த மூணு நம்பர் உங்க புள்ள இருக்குற நாட்டோடதா இல்லன்னா திருப்பி போடவே போடாதீங்க. 216 துனீசியா, 252 சோமாலியா, 375 பெலாரஸ், அங்க நமக்கு யாரு இருக்கா?

பிரீபெய்டு சிம்முல கேக்காம ஐஎஸ்டி, அதான் வெளிநாட்டுக்கு கால் போடுற வசதி, குடுக்கக்கூடாதுன்னு ட்ராய் 2012லயே சொல்லிருக்கு, காரணமே இந்த மிஸ்டு கால்தான். ஆனா வளைகுடா வீட்டுக்காரங்க ஐஎஸ்டி வேணும்னு கேட்டுத்தான ஆகணும். துபாய் பக்கம் வாட்ஸ்அப் கால் போகாது, அங்க உள்ள ஆப்பு ஆச்சிக்கு புரியாது, சாதா கால்தான் போட்டாகணும். ஐஎஸ்டின்னு ஒரு தடவை தொறந்துட்டா உலகத்துல உள்ள அத்தனை நாடும் சேந்து தொறந்துருது, அங்கதான் ஓட்டை. சவுதிக்கு மட்டும் தொறங்க, மத்தது எல்லாம் பூட்டியே இருக்கட்டும்னு சொல்ல ஒரு வழி வேணும். இது பெரிய டெக்னாலஜி கெடையாது, ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி ரேட்டு போட்டு புடிக்கத் தெரிஞ்ச கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு நாட்டையும் தனித்தனியா பூட்டத் தெரியாதா?

வெளிநாட்டுல எல்லாம் இத எப்பவோ அனுபவிச்சு பாத்து சட்டம் போட்டுட்டாங்க. அமெரிக்காவுல 900ன்னு ஆரம்பிக்கிற காசு நம்பருங்க ஒரு காலத்துல அவ்வளவு ஆட்டம் போட்டுச்சு, 1992ல சட்டம் கொண்டு வந்தாங்க, மறு வருஷம் விதி வந்துச்சு. போன எடுத்த உடனே இந்த காலுக்கு இவ்வளவு ஆகும்னு மொதல்ல சொல்லணும், கேட்டுட்டு வேண்டாம்னு வச்சுட்டா ஒரு பைசா புடிக்கக்கூடாது. அந்த காச கட்டலன்னு வீட்டு லைன கட் பண்ணவும் கூடாது. இங்கிலாந்துல 09ன்னு ஆரம்பிச்சாலே காசு நம்பர்னு ஜனங்களுக்கு தெரியும், நிமிஷத்துக்கு 3.60 பவுண்டுக்கு மேல சர்வீஸ் சார்ஜ் போகக்கூடாதுன்னு உச்ச வரம்பு இருக்கு, இதுக்குன்னே தனியா ஒரு அமைப்பு வச்சிருந்து 2025 பிப்ரவரில இருந்து ஆஃப்காம்ங்குற அவங்க ட்ராய்கிட்ட குடுத்துட்டாங்க. நம்மகிட்ட நம்பர பாத்தா காசு புடிக்குமா புடிக்காதான்னு எத்தனை பேருக்கு தெரியும்? 1800 இலவசம், 1860 இலவசம் இல்ல, ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கு. கம்ப்ளைண்ட் பண்ணுறதுக்கே 1860 நம்பர குடுத்து, பாட்ட போட்டு காக்க வச்சா யாரு காசு போகுது?

டிவி போட்டி கதையும் இதுதான். 2007ல ஹிந்தி டிவில ஒரு பெரிய வினாவிடை நிகழ்ச்சில வீட்டுல இருந்தே கலந்துக்கலாம்னு எஸ்எம்எஸ் அனுப்பச் சொன்னாங்க, ஒண்ணுக்கு 2.40 ரூபா. அந்த எஸ்எம்எஸ் காசுல இருந்தே பரிசு குடுக்குறாங்கன்னு கேஸ் போயி, அடுத்த வருஷம் தேசிய நுகர்வோர் ஆணையம் 1 கோடி ரூபா தண்டம் போட்டுச்சு, ஆனா பொறவு சுப்ரீம் கோர்ட்டுல அது நிக்கல, எஸ்எம்எஸ் காசுல இருந்துதான் பரிசு குடுத்தாங்கன்னு சொல்ல ஆதாரம் இல்லன்னு ஆகிப்போச்சு. கணக்கு எல்லாம் அவங்க கையில இருக்கும்போது ஆதாரத்த ஜனங்க எங்க போயி எடுக்கும்? ஒரு மெசேஜுக்கு எவ்வளவு புடிக்காங்க, அதுல கம்பெனிக்கு எவ்வளவு, சேனலுக்கு எவ்வளவுன்னு மொதல்லயே வெளிய சொல்லணும்னு விதி இருந்தா இந்த நெலம வராதுல்லா.

சரி, காசு போயிருச்சு, யார்கிட்ட கேக்க? 198க்கு கூப்புட்டு கம்ப்ளைண்ட் குடுத்து டாக்கெட் நம்பர், அதான் புகார் நம்பர், வாங்கணும். அதுல தீரலன்னா அப்பீல் போகலாம், ஃபீஸ் கெடையாது, 39 நாளுக்குள்ள முடிக்கணும்னு 2012 விதி சொல்லுது. ஆனா அந்த அப்பீல் அதிகாரியும் அதே கம்பெனிக்குள்ளதான் இருக்காரு. என்னென்னதுக்கு காசு போச்சுன்னு பிரீபெய்டு ஆளு கணக்கு கேட்டா 50 ரூபா வரைக்கும் கம்பெனி வாங்கிக்கிடலாம், முப்பது ரூபா எங்க போச்சுன்னு பாக்க அம்பது ரூபா யாரு கட்டுவா? ட்ராய் தனி ஆளு புகார எடுத்து விசாரிக்காது. நுகர்வோர் கோர்ட்டுக்கு போகலாம், போன் விஷயத்துக்கும் அங்க போக உரிமை உண்டுன்னு 2022 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட்டு தெளிவா சொல்லிட்டு, 5 லட்சம் வரைக்கும் ஃபீஸும் கெடையாது. ஆனாலும் பீடி சுத்துற அக்கா ஒரு நாள் கூலிய விட்டுட்டு பஸ் ஏறி திருநெல்வேலிக்கு எத்தனை தடவை போக முடியும்? ஒருத்தரும் வர மாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் தொகைய சின்னதா வச்சிருக்காங்க.

அதனால ஒவ்வொரு ஆளா போயி கேக்கணுங்குறதே தப்பு, ட்ராய்தான் மொத்தமா வாங்கிக் குடுக்கணும். 2014ல அமெரிக்காவுல ஏடி அண்ட் டிங்குற போன் கம்பெனி, கேக்காத சர்வீஸுக்கு பில்லுல காசு ஏத்துன விவகாரத்துல 10 கோடியே 50 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கிடுச்சு, அதுல 8 கோடி டாலர் ஜனங்களுக்கு திருப்பிக் குடுக்க. அங்க அரசாங்க அமைப்புதான் முன்னாடி நின்னு வாங்கிக் குடுத்துச்சு. இங்கயும் எந்த சிம்முக்கு எந்த சர்வீஸ் எப்ப ஏறுச்சுங்குற கணக்கு கம்பெனி கம்ப்யூட்டர்லயே கெடக்கு. ஒரு பாட்ட காலர் டியூனா வச்சுட்டு அடுத்த நாளே நிறுத்துனவங்க எத்தனை பேருன்னு பாத்தா போதும், தெரியாம ஏறுனது எதுன்னு வெளிய வந்துரும், அந்த காச கேக்காமலே பேலன்ஸ்ல திருப்பி போடச் சொல்லலாம்.

பூட்டு போடுறது கஷ்டம்னு கம்பெனிக்காரங்க சொன்னா அதுக்கும் ஒரு கடைக்காரனா பதில் சொல்லுதேன். சிம் குடுக்கும்போது போட்டோ எடுக்கோம், ஆதார் பாக்கோம், ஓடிபி கேக்கோம். அந்த ஃபார்ம்லயே தமிழ்ல ரெண்டு கேள்வி சேருங்க: காசு புடிக்கிற சர்வீஸ் வேணுமா, ஐஎஸ்டி வேணும்னா எந்த நாட்டுக்கு. பழைய சிம்முக்கு அடுத்த ரீசார்ஜுக்கு வரும்போது கேட்டுக்கிடலாம். வேணும்னு சொல்லுறவங்க சந்தோஷமா வச்சிக்கிடட்டும், எங்க கடைப் பக்கத்துலயே பாட்டு வச்சு ரசிக்கிற பையங்க நெறைய உண்டு, அவங்கள யாரும் தடுக்கல. பதிலே சொல்லாதவங்களுக்கு பூட்டுதான்னு இருக்கணும்.

ட்ராய்காரங்க நுகர்வோர் கூட்டம்னு ஊர் ஊரா நடத்துதாங்க, பேப்பர்ல பாத்துருக்கேன். அத முக்கூடல், வீரவநல்லூர், ஏர்வாடி மாதிரி ஊர்லயும் தமிழ்ல நடத்தச் சொல்லி நீங்க எழுதணும்னு கேட்டுக்கிடுதேன். அதுவரைக்கும் 155223, 198 ரெண்டு நம்பரையும் எது எதுக்குன்னு ஒரு வரி விளக்கத்தோட வாரத்துல ஒரு நாளாவது பெரிய எழுத்துல போடுங்க, வெட்டி எடுத்து கடை வாசல்ல ஒட்டி வைக்கேன்.

இப்படிக்கு,
ரீசார்ஜ் கடைக்காரர்,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்.