கன்னியாகுமரிப் படகுத்துறைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறையில் விவேகானந்தர் பாறைக்குப் படகேற நிற்கும் வரிசை எப்படியிருக்கும் என்பதை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அதை ஆண்டுதோறும் பார்க்கிறவர்கள் நீங்கள். நான் கேட்பது ஒன்றுதான்: இன்று படகு கிடைக்குமா, கிடைக்காதா என்பதை வரிசையின் கடைசியில் நிற்பவருக்கும் சொல்லுங்கள்.

என் மாமியாருக்கு 70 வயது கடந்துவிட்டது. அன்று விடுதியிலிருந்து கிளம்பும்போது காப்பியைக்கூட வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார். காரணம் கேட்டதற்கு, "நடுவில் ஒதுங்க வேண்டிவந்தால் எங்கே போவது? போய்விட்டு வந்தால் நம் இடத்தில் மறுபடி நிற்க விடுவார்களா?" என்றார். வெயில் ஏறியது. உதடு வறண்டும் தண்ணீர் பாட்டிலைத் தொடவில்லை. முன்னாலும் பின்னாலும் நின்ற பெண்களிடம் பேச்சுக் கொடுத்தேன். பலரும் அதே பயத்தில்தான் தாகத்தை அடக்கிக்கொண்டு நின்றார்கள். முழங்கால் வலி தாங்காமல் மாமியார் செருப்பைக் கழற்றிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். வரிசை நகரும்போதெல்லாம் கைகொடுத்துத் தூக்கிவிட்டேன்.

கடைசியில், டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று எங்களிடம் சொன்னது உங்கள் ஊழியர் அல்லர். சங்குமாலை விற்றுக்கொண்டு வந்த ஒரு பையன். "கவுண்டரை மூடி அரைமணி நேரம் ஆகிவிட்டது, சும்மா நிற்காதீர்கள் அம்மா" என்றான். அவனுக்கு நன்றி.

காற்று ஓங்கினாலும் நீர்மட்டம் தாழ்ந்தாலும் படகை நிறுத்தத்தான் வேண்டும். மாலை 4 மணிக்குச் சேவை முடியும் என்பதிலும் குறைகாண ஒன்றுமில்லை. ஆனால் நிறுத்தியதைச் சொல்ல வேண்டாமா? கவுண்டர் பக்கத்தில் தாள் ஒட்டியிருந்ததாம். கவுண்டரை எட்டிவிட்டவருக்கு அந்தத் தாள் எதற்கு?

கூடுதல் கட்டணம் கட்டியவர்கள் மட்டும் தனி வழியில் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார்கள். பணமுள்ளவர் வழியில் ஒருநாளும் நெரிசல் இருப்பதில்லை, படகுத்துறையானாலும் சரி, கோயிலானாலும் சரி. அதிகாரத்துக்கு ஓர் அடி என்று கணக்கிட்டு வள்ளுவருக்கு 133 அடியில் சிலை எழுப்பிய ஊர் இது. மாலைக்குள் எத்தனை பேரை ஏற்ற முடியும் என்று கணக்கிட்டு, மீதிப் பேரை நண்பகலிலேயே திருப்பி அனுப்புவதற்கா கணக்குத் தெரியாது?

நல்லதையும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலம் உண்மையிலேயே உதவிதான். முன்பெல்லாம் நீர்மட்டம் தாழ்ந்தால் வள்ளுவர் பாறையில் படகு அணைய முடியாது. விவேகானந்தர் பாறையோடு திரும்பிவிடுவோம். இப்போது 77 மீட்டர் நடந்தால் போதும். கடலுக்கு நடுவே இரண்டு பாறைகளை 37 கோடி ரூபாயில் இணைத்துவிட்டீர்கள். கரையில் கவுண்டரிலிருந்து வரிசையின் கடைசிவரை ஒரு செய்தியைக் கொண்டுவர மட்டும் முடியவில்லை!

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன். மறுபடியும் கேட்கிறேன்: வரிசையின் கடைசியில் ஒரு பலகையும் ஒலிபெருக்கியும் வையுங்கள். "இதற்குமேல் நிற்பவர்களுக்கு இன்று இடமில்லை" என்று நேரத்தோடு சொல்லுங்கள். கழிப்பறைக்குப் போய்த் திரும்புவோரின் இடம் பறிபோகாதபடி ஒரு சீட்டுக் கொடுங்கள். கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் வரத் தொடங்கினால் கூட்டம் இன்னும் கூடும். அதற்கு முன்பாக இவற்றைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
படகேறாமல் ஊர் திரும்பிய ஒரு பயணி