ஐரோப்பா டூர் நடத்துகிறவர்களுக்கு: ஸ்பெயினில் சந்தைக்கு ஒரு காலைப் பொழுது கொடுங்கள்

அன்புள்ள குழுச் சுற்றுலா நடத்துநர்களுக்கு,

வணக்கம். எந்த ஒரு நிறுவனத்தையும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. விளம்பரத்தில் நீங்கள் கொட்டை எழுத்தில் போடும் "தினமும் நம்ம ஊர்ச் சாப்பாடு" என்ற வரியைப் பற்றித்தான் பேச்சு. ஸ்விட்சர்லாந்து மலை உச்சியில் சாம்பார் ஊற்றுங்கள், நான் குறுக்கே வரவில்லை. ஸ்பெயினில் மட்டும் அந்த வாக்குறுதியைக் கொஞ்சம் தளர்த்தக் கூடாதா?

பார்சிலோனாவில் நீங்கள் காட்டும் சந்தை எப்போதும் லா ராம்ப்லா தெருவிலுள்ள பொக்கேரியாதான். நான் வந்த குழுவுக்கு அங்கே அரைமணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. டப்பாவில் வெட்டி வைத்த பழம், ஒரு செல்ஃபி, அப்புறம் பஸ், நேரே இந்திய உணவகத்தில் பனீர் மசாலா. வீட்டுக்குக் காய் வாங்க வருகிறவர்கள் நடக்க இடமில்லாமல் திண்டாடியதால், வெள்ளி, சனிக்கிழமைகளில் காலை 8 முதல் பிற்பகல் 3 வரை பெரிய சுற்றுலாக் குழுக்கள் அங்கே நுழையக் கூடாது என்று 2015-லேயே நகராட்சி தடை போட்டது. பஸ் நிறைய ஆட்களோடு போய் நிற்பதற்கு அது தோதான இடமே இல்லை. நகரின் பேராலயமான கதீட்ரலுக்குப் பக்கத்திலேயே சாந்தா காத்தரீனா சந்தை இருக்கிறது. 2005-இல் புதுப்பித்துத் திறந்தபோது போட்ட அலை அலையான வண்ண ஓட்டுக் கூரையே பார்க்க வேண்டியது. கூட்டமும் அவ்வளவு இல்லை.

ஆனால் என் ஆதங்கம் முழுக்க வலென்சியா நகரைப் பற்றியது. பட்டு வணிக மண்டபத்தை யுனெஸ்கோ சின்னம் என்று காட்டுகிறீர்கள், சரி. சாலைக்கு எதிர்ப்பக்கம் 1928-இல் திறந்த மத்தியச் சந்தை நிற்கிறது. இரும்பும் கண்ணாடியும் வண்ண ஓடுகளுமாக எழும்பிய கட்டடம், உச்சியில் கிளி உருவத்தில் ஒரு காற்றுத்திசைகாட்டி. அதை வெளியே நின்று காட்டிவிட்டு அழைத்துப்போவது, கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் பூசித் திருப்பி அனுப்புகிற மாதிரி.

உள்ளே போனால் ஒரு வழக்கத்தைப் பார்க்கலாம். பல கடைகளில் வரிசையே இருக்காது. வருகிறவர் பொதுவாக "கடைசி ஆள் யார்?" என்று கேட்பார், ஒரு பாட்டி விரலைத் தூக்குவார், அவ்வளவுதான். அவருக்குப் பின் நம் முறை. காயை எடுத்து அமுக்கிப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் பஸ்ஸிலேயே விட்டுவர வேண்டும். கடைக்காரரே பொறுக்கித் தருவார். இன்றைக்கா, இரண்டு நாள் கழித்தா, எப்போது சாப்பிடப்போகிறோம் என்று கேட்டு அதற்கேற்ற தக்காளியாகத் தருகிறவர்களும் உண்டு. பயேயா என்கிற சோற்றுப் பதார்த்தத்துக்குப் போடும் பெரிய தட்டை வெள்ளைப் பயறு ஒரு கடையில், உயிருள்ள நத்தை வலைப்பையில் இன்னொரு கடையில். தாகத்துக்கு ஒர்ச்சாத்தா: வலென்சியாவை ஒட்டிய அல்போராயாவில் விளையும், கோரை இனத்துக் கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால். துளி மாட்டுப்பால்கூடச் சேராது; சைவக்காரர்கள் தாராளமாகக் குடிக்கலாம்.

"சைவக்காரர்கள் என்ன செய்வார்கள்?" என்பீர்கள். நியாயமான கேள்வி. வாட்டிய ரொட்டியில் பூண்டைத் தேய்த்து, தக்காளியை அறுத்துத் தேய்த்து, ஆலிவ் எண்ணெயும் உப்பும் விடுவது பார்சிலோனா இருக்கும் கத்தலோனியாவில் அன்றாடச் சாப்பாடு. செவில்லா நகரில் கீரையும் கொண்டைக்கடலையும், பூண்டும் சீரகமும் போட்டு. நம் நாக்குக்கு அந்நியமே இல்லை. எண்ணெயில் வாட்டிய பத்ரோன் மிளகாய் பத்தில் ஒன்றோ இரண்டோதான் உறைக்கும், எது என்று கடித்த பிறகுதான் தெரியும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள்: "இறைச்சி வேண்டாம்" என்றால் போதாது. ஹமோன் என்கிற பன்றித்தொடைக் கறியையும் டூனா மீனையும் பல இடங்களில் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. "ஹமோன் வேண்டாம், மீன் வேண்டாம்" என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இதை ஒரு அட்டையில் ஸ்பானிய மொழியில் அச்சடித்துக் கொடுத்தால் என்ன செலவாகிவிடும்?

இரவுக்கு உங்கள் சாப்பாடே இருக்கட்டும். ஸ்பெயின்காரர்கள் ஒன்பது மணிக்கு மேல்தான் உட்காருவார்கள், நம் பெரியவர்களால் அது முடியாது. மதியத்தை விட்டுக்கொடுங்கள். வார நாட்களில் இரண்டு மணிவாக்கில் பல சின்ன உணவகங்களில் 'மெனு தெல் தியா' உண்டு: இரண்டு பதார்த்தம், ரொட்டி, குடிக்க ஏதாவது, கடைசியில் இனிப்போ காப்பியோ, எல்லாம் ஒரே விலையில். பயேயாவும் அங்கே பகல் சாப்பாடுதான்; அதை இரவு எட்டு மணிக்குச் சுடவைத்துத் தரும் இடங்களுக்குக் கூட்டிப்போகாதீர்கள்.

திட்டம் போடும்போது நாளைப் பாருங்கள். ஞாயிறு வலென்சியாச் சந்தைக்கு விடுமுறை. திங்களன்று மீன் பக்கம் களைகட்டாது, முந்தின நாள் படகுகள் கடலுக்குப் போயிருக்காது. செவ்வாய் முதல் சனி வரை ஏதாவது ஒரு நாள், காலை ஒன்பதரைக்கு வாசலில் இறக்கிவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு வந்து ஏற்றிக்கொள்ளுங்கள். அதுவரை டூர் மேனேஜரும் கொடியைச் சுருட்டி வைத்துவிட்டு ஒரு காப்பி குடிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பஸ்ஸில் ஜன்னலோரம் வந்த ஒரு பயணி