செய்தியறிக்கைக்கும் நொடிக் கணக்கு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தேர்தல் தேதி அறிவித்த சில நாட்களில் 'தூர்தர்ஷன், வானொலியில் கட்சிகளுக்கு நேரம் ஒதுக்கீடு' என்ற செய்தி எல்லா நாளிதழ்களிலும் உள்பக்கத்தில் வரும். எந்தக் கட்சிக்கு எத்தனை நிமிடம் என்றும் போட்டிருப்பார்கள். படிப்பவர்கள் அரசு ஒலிபரப்பில் எல்லாம் அளந்துதான் நடக்கிறது என்று எண்ணிக்கொள்வார்கள். அளக்கப்படுவது கட்சித் தலைவர்கள் வந்து படித்துவிட்டுப் போகும் அந்த உரைகள் மட்டுமே. வருடம் முழுக்க ஓடும் செய்தியறிக்கையில் யார் எத்தனை நேரம் பேசினார்கள் என்ற கணக்கை, தூர்தர்ஷனையும் அகில இந்திய வானொலியையும் நடத்தும் பிரசார் பாரதி மக்கள் முன் வைப்பதில்லை. அதை மாதந்தோறும் வெளியிட வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

முதலில் அளக்கப்படும் பகுதி எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். தேர்தல் ஆணையம் 1998 ஜனவரி 16-இல் வகுத்த திட்டம்தான் அடிப்படை. 2003-இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 39ஏ பிரிவைச் சேர்த்து மின்னணு ஊடக நேரப் பங்கீட்டுக்குச் சட்டத்திலேயே இடம் கொடுத்தார்கள். சட்டமன்றத் தேர்தல் என்றால் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு தேசியக் கட்சிக்கும் மாநிலக் கட்சிக்கும் அடிப்படை நேரம் 45 நிமிடம். அதற்கு மேல் போன தேர்தலில் வாங்கிய வாக்கைப் பொறுத்துக் கூடுதல் நேரம் கிடைக்கும். ஒரே அமர்வில் 15 நிமிடத்துக்கு மேல் கிடையாது. வேட்புமனுத் தாக்கல் முடிந்த நாளிலிருந்து வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு வரைக்குள் எல்லாம் ஒலிபரப்பாகிவிட வேண்டும். எந்த நாள், எந்த நேரம் யாருக்கு என்பதைக் கட்சிப் பிரதிநிதிகள் முன்னிலையில் குலுக்கல் போட்டு முடிவு செய்கிறார்கள். கொரோனா காலத் தேர்தல்களில் இந்த அடிப்படை நேரத்தை இரட்டிப்பாக்கினார்கள்.

அங்கீகாரம் இல்லாத கட்சிக்கு ஒரு நிமிடமும் கிடையாது. 2021 சட்டமன்றத் தேர்தலில் ஆறரை சதவீத வாக்கு வாங்கிய நாம் தமிழர் கட்சிக்கு 2024 மக்களவைத் தேர்தலின்போதும் அங்கீகாரம் இல்லை. 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. அதுவரை இந்தத் திட்டத்தின் கணக்கில் அந்தக் கட்சி இல்லவே இல்லை.

உரையின் எழுத்துப் பிரதியை முன்கூட்டியே கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். நட்பு நாடுகளை விமர்சிக்கக் கூடாது, மதத்தையோ சமூகத்தையோ தாக்கக் கூடாது, யாரையும் பெயர் சொல்லி விமர்சிக்கக் கூடாது, நீதித்துறையின் நேர்மையைச் சந்தேகிக்கக் கூடாது என்று விதிகள் நீள்கின்றன. எழுத்தளவில் நியாயமானவைதான். பிரதி யார் கையில் போகிறது என்பதில்தான் சிக்கல். 2024 தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் சீதாராம் யெச்சூரியின் உரையிலிருந்து 'வகுப்புவாத எதேச்சாதிகார ஆட்சி' என்ற தொடரை எடுக்கச் சொன்னார்கள். ஃபார்வர்டு பிளாக் தலைவர் தேவராஜனின் உரையில் 'முஸ்லிம்கள்' என்ற சொல்லையே நீக்கச் சொன்னார்கள். ஆங்கில உரையில் கைவைத்தவர்கள், அதன் அப்பட்டமான மொழிபெயர்ப்பான இந்தி உரையில் எதுவும் தவறாகப் பார்க்கவில்லை என்று யெச்சூரியே சொன்னார். விதியைவிட அன்றைக்கு மேசையில் உட்கார்ந்திருப்பவரின் அச்சம்தான் கத்தரியைப் பிடிக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனாலும் அந்த உரைகளை எத்தனை பேர் கேட்கிறார்கள்? மக்கள் காதில் விழுவது செய்தியறிக்கைதான். சாய்வு அங்கே எப்படி நுழைகிறது என்பதை வெளியே உள்ளவர்கள் பெரும்பாலும் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். டெல்லியிலிருந்து தினமும் யாராவது போன் செய்து உத்தரவு போட வேண்டிய அவசியமே இல்லை. வேலை அமைந்திருக்கும் விதமே போதும்.

மாவட்டத்தில் இருப்பவர் பகுதிநேரச் செய்தியாளர். தொலைக்காட்சிக்கு என்றால் செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் ஸ்ட்ரிங்கர். எது ஒளிபரப்பாகுமோ அதைத்தான் அவர் எடுப்பார். மத்திய அமைச்சர் திறப்பு விழா என்றால் நேரம், இடம், தமிழில் செய்திக்குறிப்பு எல்லாம் முதல் நாளே கைக்கு வந்துவிடும். எதிர்க்கட்சியின் ஆர்ப்பாட்டத்தை வெயிலில் நின்று எடுத்து அனுப்பினால், 'இடம் இல்லை' என்று விடுபட வாய்ப்பு அதிகம். இரண்டு முறை விடுபட்டால் மூன்றாவது முறை அவர் போகமாட்டார். செய்தியறையில் பொறுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் இந்தியத் தகவல் பணி அதிகாரிகள். அரசின் செய்திக்குறிப்புகளை எழுதும் பத்திரிகை தகவல் அலுவலகத்திலும் இதே பணியைச் சேர்ந்தவர்கள்தான் இருக்கிறார்கள். அங்கிருந்து இங்கும், இங்கிருந்து அங்கும் மாற்றல் ஆவார்கள். அடுத்த மாற்றல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கையில் இருக்கும்போது யாரிடம் துணிச்சலை எதிர்பார்ப்பது?

செய்தி வாங்கும் இடமும் சுருங்கிவிட்டது. 2020 அக்டோபரில் பி.டி.ஐ., யு.என்.ஐ. என்ற இரண்டு செய்தி நிறுவனங்களின் சந்தாவைப் பிரசார் பாரதி நிறுத்தியது. 2023 பிப்ரவரியில் ஹிந்துஸ்தான் சமாச்சார் என்ற, ஆர்.எஸ்.எஸ். தொடர்புள்ள செய்தி நிறுவனத்தோடு இரண்டு ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டது. மூலச் செய்தியே ஒரு பக்கம் சாய்ந்து வந்தால், மேசையில் எத்தனை கவனமாகத் திருத்தினாலும் விடுபட்ட செய்தியைத் திருத்திக் கொண்டுவர முடியாது.

பிறகு வரிசை. பத்து நிமிட வானொலிச் செய்தியில் தலைப்புச் செய்திகளை ஆரம்பத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை வாசிப்பார்கள். தலைப்பில் இடம் பிடித்தது மொத்தத்தில் மூன்று முறை காதில் விழும். எட்டாவது செய்தி ஒரே முறை, அதுவும் நேரம் நெருக்கினால் அதைத்தான் வெட்டுவார்கள். இதைவிட நுட்பமான இன்னொன்று மறுப்புச் செய்தி. 'எதிர்க்கட்சிகளின் குற்றச்சாட்டை மத்திய அமைச்சர் மறுத்துள்ளார்' என்று செய்தி தொடங்கும். குற்றச்சாட்டு என்ன என்பது முந்தைய எந்த அறிக்கையிலும் வந்திருக்காது. எதிர்க்கட்சியின் பெயர் ஒலித்துவிட்டதால் 'இரண்டு தரப்பும் வந்துவிட்டது' என்று கணக்கு காட்ட மட்டும் உதவும்.

எந்தக் கட்சி ஆண்டாலும் இதுதான் நிலைமை என்பதையும் சொல்லியாக வேண்டும். நெருக்கடி நிலைக் காலத்து வானொலியை மறந்தவர்கள் இருக்கமாட்டார்கள். 2014 ஏப்ரலில், ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சியில், அப்போது பிரதமர் வேட்பாளராக இருந்த நரேந்திர மோடியின் தூர்தர்ஷன் பேட்டி, சில பகுதிகள் வெட்டப்பட்டு ஒளிபரப்பானது. அமைச்சகத்தின் பிடியைப் பற்றிப் பிரசார் பாரதியின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஜவஹர் சர்க்கார் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். ஆட்சி மாறி ஆறு மாதம் ஆகுமுன், 2014 அக்டோபர் 3-இல், ஆர்.எஸ்.எஸ். தலைவரின் விஜயதசமி உரை டி.டி. நியூஸில் நேரலையாக வந்தது. 2017 சுதந்திர தினத்தில் திரிபுரா முதல்வர் மாணிக் சர்க்காரின் உரையை மாற்றித் தந்தால்தான் ஒலிபரப்புவோம் என்றார்கள். அவர் மறுத்தார், உரை வரவில்லை.

ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் 'பாரபட்சம்' என்று கத்தும், இன்னொரு பக்கம் 'உங்கள் காலத்தில் நடக்கவில்லையா' என்று கேட்கும். எண் இல்லாத சண்டை இப்படித்தான் ஓயாமல் ஓடும். எண் வந்தால் என்ன ஆகும் என்று 2019-இல் ஒருமுறை பார்த்தோம். அந்த ஆண்டு தேர்தல் அறிவித்த மார்ச் 10 முதல் ஏப்ரல் 5 வரை தூர்தர்ஷன் செய்தியிலும் மண்டல அலைவரிசைகளிலும் பா.ஜ.க.வுக்கு சுமார் 160 மணி நேரம், காங்கிரஸுக்கு சுமார் 80 மணி நேரம், மார்க்சிஸ்ட் கட்சிக்கு சுமார் 8 மணி நேரம் என்று கணக்கு பத்திரிகையில் வந்தது. எந்தக் கட்சிக்கும் அளவுக்கு மீறிய நேரம் தராதீர்கள் என்று தேர்தல் ஆணையம் சொல்ல நேர்ந்தது. இந்தக் கணக்கை எடுக்க முடியும், எடுத்தும் இருக்கிறார்கள் என்பதே இதில் முக்கியம். புகார் வந்த பிறகு எடுத்ததை வழக்கமாக எடுத்து, தானே வெளியிட வேண்டும், அவ்வளவுதான்.

பிரான்சில் இது பழைய வழக்கம். அங்கே ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆர்கோமிடம் தொலைக்காட்சிகளும் வானொலிகளும் அரசியல்வாதிகள் பேசிய நேரத்தைக் கணக்கிட்டுக் கொடுக்கின்றன. அது பொதுவில் வெளியாகிறது. அதிபருக்கும் அரசுக்கும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கு, மீதி மற்ற கட்சிகளுக்கு அவற்றின் பலத்துக்கு ஏற்ப என்பது 2018 முதல் உள்ள ஏற்பாடு. அதிபரின் பேச்சு முன்பெல்லாம் கணக்கிலேயே வராது. 2009-இல் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அது தவறு என்றது. நம் ஊரில் பிரதமரின் 'மனதின் குரல்' எந்தக் கணக்கில் வரும் என்ற கேள்விக்கு அங்கே விடை இருக்கிறது. ஏமாற்றும் வழியையும் அங்கிருந்தே கற்கலாம்: ஒரு சேனல் நேரத்தைச் சரிக்கட்டச் சில தரப்பினரின் பேச்சுகளை நள்ளிரவில் ஓட்டியது, 2021-இல் எச்சரிக்கை வாங்கியது. ஆகவே நிமிடத்தோடு ஒளிபரப்பான மணியையும் குறிக்காத கணக்கு செல்லாது.

இங்கே இதைச் செய்யப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம். தொலைக்காட்சிச் செய்திக்கு ரன்டவுன் என்ற வரிசைப் பட்டியல் ஏற்கெனவே உண்டு. எந்தச் செய்தி, எத்தனை நொடி, பைட் (சொந்தக் குரலில் வரும் பேச்சுத் துண்டு) யாருடையது என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். அதில் கட்சிக் குறியீடு ஒன்றைக் கூடுதல் கட்டமாகச் சேர்த்தால் பாதி வேலை முடிந்தது. தலைவர் சொந்தக் குரலில் பேசிய நொடிகளும், அவர் சொன்னதைச் செய்தி வாசிப்பாளர் சொன்ன நொடிகளும் தனித்தனியாக வர வேண்டும். இரண்டையும் கலந்தால் ஒருவரை இருபது நொடி பேசவிட்டு, இன்னொருவரைப் பற்றி இருபது நொடி வாசித்துவிட்டுச் 'சமம்' என்பார்கள். நேரலைப் பொதுக்கூட்டங்கள் செய்தியறிக்கைக்கு வெளியே வருவதால் அவற்றுக்குத் தனிக் கட்டம் தேவை. 2019-இன் 160 மணி நேரம் போன்ற எண்ணிக்கை அரை மணிச் செய்திகளில் மட்டும் சேர்ந்துவிடாது.

சிக்கலான இடம் அமைச்சர்கள். ஒருவரே காலையில் அரசு விழாவிலும் மாலையில் கட்சி மேடையிலும் பேசுவார். மேடையை வைத்துப் பிரிப்பதுதான் வழி. அரசு விழாவில் கட்சி அரசியல் பேசினால் அந்தப் பகுதியைக் கட்சிக் கணக்கில் எழுத வேண்டும். தமிழ்நாடு மாதிரி மத்தியில் ஒரு கட்சியும் மாநிலத்தில் இன்னொரு கட்சியும் ஆளும் இடத்தில் 'அரசு' என்று ஒரே கட்டம் போட்டால் எல்லாம் குழம்பிவிடும். மத்திய அரசு, மாநில அரசு என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஆளுநரை எங்கே வைப்பது என்பது சுவையான கேள்வி. அவருக்கும் தனிக் கட்டமே நல்லது. கூட்டணிக் கணக்கு வேண்டாம், கட்சிக் கணக்கு போதும். இங்கே கூட்டணிகள் கடைசி வாரம் வரை மாறும். மறுப்புச் செய்தி வந்தால், மூலக் குற்றச்சாட்டு எப்போது ஒலிபரப்பானது என்ற தேதியைப் பக்கத்தில் எழுத வேண்டும். தேதி காலியாக இருந்தால் படிப்பவருக்கே விஷயம் விளங்கிவிடும்.

எண்களை நிலையமே எடுத்தால் யார் நம்புவார்கள் என்று கேட்பார்கள். மாதத்தில் ஏதாவது ஒரு வாரத்தின் பதிவுகளைப் பல்கலைக்கழக இதழியல் துறை ஒன்றிடம் கொடுத்துத் தனியாக எண்ணச் சொல்லலாம். எந்த வாரம் என்பதை மாதம் முடிந்த பிறகு குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்பே தெரிந்தால் அந்த வாரம் மட்டும் சமத்துவம் பூத்துக் குலுங்கும்.

'தூர்தர்ஷனை இன்று யார் பார்க்கிறார்கள், அதற்கு இத்தனை பாடா' என்று சிலர் சிரிக்கலாம். தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி சொல்ல நம் நாட்டில் அனுமதி இல்லை. வேண்டுமானால் அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே மறுஒலிபரப்பு செய்யலாம். அதாவது வானொலியில் செய்தி என்றால் அது பிரசார் பாரதியின் செய்திதான். 1995 கேபிள் சட்டத்தின் 8-ஆவது பிரிவு குறிப்பிட்ட தூர்தர்ஷன் அலைவரிசைகளை ஒவ்வொரு கேபிள்காரரும் கட்டாயம் கொடுக்கச் சொல்கிறது. மாதச் சந்தா இல்லாத, தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் ஆன்டெனா ஏழை வீடுகளின் கூரையில் இருக்கிறது. போதாததற்குத் தமிழகத்தில் கட்சிக்கு ஒரு சேனல். எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத ஒரு செய்தியறிக்கை கிடைத்தால், மற்ற எங்கும்விட இங்கேதான் அதற்கு மதிப்பு அதிகம்.

சட்டத்தில் இடமில்லை என்றும் சொல்ல முடியாது. 1990-இல் நிறைவேறி 1997-இல் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதிச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, மாறுபட்ட கருத்துகளையும் சேர்த்து நடுநிலையோடு தகவல் தர வேண்டும், தனக்கென எந்தக் கொள்கையையும் பரப்பக் கூடாது என்கிறது. கண்காணிக்க 22 எம்.பி.க்கள் கொண்ட நாடாளுமன்றக் குழு, புகார்களைக் கேட்க ஒலிபரப்பு மன்றம் என்று 13, 14-ஆவது பிரிவுகளில் எழுதியும் வைத்தார்கள். இரண்டும் ஏட்டிலேயே நின்றுவிட்டன. அவற்றை அமைக்க அரசு மனம் வைக்க வேண்டும். நேரக் கணக்கை வெளியிட யார் தயவும் வேண்டாம், பிரசார் பாரதி வாரியமே ஒரு தீர்மானம் போட்டால் போதும்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிரசார் பாரதி தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்ட பொது அமைப்பு. பத்து ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். 'எந்தக் கட்சிக்கு எத்தனை நேரம்' என்று கேட்டால் 'அப்படித் தொகுத்து வைக்கவில்லை' என்று தப்பித்துவிடலாம், இல்லாத தகவலைத் தயாரித்துத் தரச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. குறிப்பிட்ட ஒரு வாரத்தின் மாலைச் செய்திகளுடைய ரன்டவுன் நகல் என்று கேளுங்கள். அது அவர்களிடம் இருக்கும் ஆவணம். கூட்டிப் பார்க்கும் வேலையை நாமே செய்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒலிபரப்புச் செய்தித் துறை அறிந்த வாசகர்கள்,
சென்னை.