தொம்பைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்

கோயில் அறங்காவலர்களுக்கும் திருப்பணிக் குழுவினருக்கும் வணக்கம்.

குடமுழுக்கு என்றால் கோபுர வர்ணம், யாகசாலை, அன்னதானம் என்று உங்களுக்கு ஆயிரம் கவலை. மண்டபத்தில் உருளையாகத் தொங்கவிடும் சித்திரத் துணியான தொம்பையும், மேலே கட்டும் விதானத் துணியும் கடைசி வாரத்தில்தான் நினைவுக்கு வரும். அப்போது கைக்குக் கிடைப்பது அச்சடித்த பாலியெஸ்டர் தொம்பைதான். எந்த ஊருக்குப் போனாலும் அதே யானை, அதே மயில். அவசரத்தில் வேறு வழியில்லை, புரிகிறது. அதனால்தான் முன்பே கேட்டுக்கொள்கிறேன்.

அரியலூர் மாவட்டம் கருப்பூரிலும் தஞ்சாவூர் மாவட்டம் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் சில குடும்பங்கள் இன்னமும் வீட்டிலேயே கலம்காரித் தொம்பை எழுதுகின்றன. கலம்காரி என்றால் குச்சிப் பேனாவால் துணியில் கையாலேயே வரைவது. நானும் வீட்டில் புடவைகளுக்கு வண்ணம் தீட்டுகிறவள்தான். என் அக்ரிலிக் வண்ணம் துணியின் மேல் படலமாக உட்காரும். காய்ந்ததும் இஸ்திரி போட்டால் வேலை முடிந்தது. அவர்கள் வேலையே வேறு. பருத்தித் துணியின் கஞ்சியைப் போக்கி, கடுக்காயும் எருமைப்பாலும் கலந்ததில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்துவார்கள். பாலிலுள்ள கொழுப்பு மையைப் பரவவிடாது. புளியங்குச்சிக் கரியால் உருவம் போட்டுக்கொண்டு, துணி சுற்றிய மூங்கில் குச்சியால் கோடு இழுப்பார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் பல நாள் ஊறவைத்து எடுத்ததுதான் கறுப்பு மை. இழுக்கும்போது வெளிறித் தெரிகிற கோடு, துணியில் ஏறியிருக்கும் கடுக்காயோடு சேரச் சேரக் கறுத்துக்கொண்டே வரும். நிறம் நூலுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது.

கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விஷயம். ஆனால் துணியை வாங்க ஆள் வேண்டுமே! தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக இதே கருப்பூரில், அதாவது கோடாலிக் கருப்பூரில், ஒரு புடவை செய்தார்கள். ஜரிகையோடு நெய்து, அதன்மேல் மெழுகு வைத்துச் சாயம் ஏற்றிய புடவை. அரண்மனை கேட்பது நின்றது, புடவையும் நின்றுபோனது. அன்று செய்தவற்றை இன்று அருங்காட்சியகத்தில்தான் பார்க்க முடிகிறது. தொம்பைக்கு அரண்மனை நீங்கள்தான்.

திருப்பணி தொடங்கப் பாலாலயம் செய்யும்போதே மண்டபத்தின் அளவைக் கொடுத்துச் சொல்லிவிடுங்கள், முன்பணமும் கொடுங்கள். அவர்களுக்கு வெயில் வேண்டும், நாள் வேண்டும். ஐப்பசி மழையில் துணி காயாது. உங்கள் தலபுராணத்தைச் சொல்லி, அதையே எழுதித் தரச் சொல்லலாம். உங்கள் ஊர் அம்மன், உங்கள் தலவிருட்சம், உங்கள் குளம். அச்சுத்துணியில் இது எங்கே கிடைக்கும்?

சரி, விலை? அச்சுத்துணியைவிடக் கூடத்தான். ஒரு உபயதாரருக்கு ஒரு தொம்பை என்று பிரித்துவிட்டால் யாருக்கும் பாரமில்லை. டியூப்லைட்டில்கூடப் பெயர் எழுதிக் கொடுக்கிற ஊர் நம் ஊர், தொம்பைக்கு ஆள் வராமலா போவார்கள்? அப்புறம், தேர்ச்சீலைக்குத் துணி வெட்டி ஒட்டித் தைக்கிறவர்களையும் விட்டுவிடாதீர்கள், அதுவும் கைவேலைதான்.

அடுத்த திருப்பணிக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக வையுங்கள்.

அன்புடன்,
துணியில் வண்ணம் தீட்டும் ஒருத்தி