கியர் பாக்ஸை இப்போதைக்குத் திறக்கவிடாதே

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நானும் அம்மாவும் கேட்டோம். புல்லட்டில் சிக்னலில் நியூட்ரல் கிடைக்கவில்லை, இரண்டிலிருந்து மூன்று விழ மாட்டேன் என்கிறது, சில சமயம் இரண்டாவதில் போய்க்கொண்டிருக்கும்போதே கழன்றுகொண்டு எஞ்சின் மட்டும் கத்துகிறது, மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு கியர் பாக்ஸ் போச்சு, செட்டாக மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன். கியர் பெட்டியை இப்போதைக்கு யாரும் திறக்க வேண்டாம்.

நீ சொன்னது ஒரு கோளாறு இல்லை கண்ணு, மூன்று. மூன்றுக்கும் காரணம் ஒன்றாக இருக்கலாம், வேறு வேறாகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் செட்டை மாற்றினால், காசு போன பிறகும் சிக்னலில் நியூட்ரல் கிடைக்காது. ஏனென்றால் நியூட்ரல் கிடைக்காதது பெரும்பாலும் கியர் சம்பந்தப்பட்டதே இல்லை, கிளட்ச் முழுதாக விடாததால் வருவது.

முதலில் இதைச் செய். எஞ்சினை நிறுத்தி வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போடு. ஒரு கையால் பின் சக்கரத்தை மெதுவாக முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே, இன்னொரு கையால் கியர் லீவரை அசைத்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வரிசையாகப் போட்டுப் பார். சக்கரம் அசையாவிட்டால் உள்ளே இருக்கும் பற்கள் ஒன்றுக்கொன்று நேராக வராது, நல்ல பெட்டியிலும் கியர் விழாது, அதனால் உருட்டாமல் சோதிக்காதே. எஞ்சின் நின்றிருக்கும்போது நாலும் ஒழுங்காக விழுந்து, ஓடும்போது மட்டும் தகராறு என்றால் சந்தேகம் முதலில் கிளட்ச் மேல்தான். நின்றிருக்கும்போதே விழவில்லை என்றால் லீவர், லீவரின் அசைவை வாங்கி ஒவ்வொரு கியராக நகர்த்தும் ராட்செட், அதற்கப்புறம்தான் பெட்டி.

அடுத்தது, அதே ஸ்டாண்டில் எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை முழுதாகப் பிடித்து முதல் கியர் போடு. பின் சக்கரம் கொஞ்சம் சுற்றும், அது ஆயிலின் பிசுபிசுப்பு, கவலை இல்லை. இடது காலால் பிரேக்கை லேசாக மிதி. சக்கரம் உடனே நின்று, எஞ்சின் சத்தம் மாறாமல் ஓடினால் கிளட்ச் நன்றாக விடுகிறது. பிரேக் மிதித்ததும் எஞ்சின் திணறினால் கிளட்ச் இழுக்கிறது, அதாவது முழுதாக விடவில்லை. கையை மட்டும் சக்கரத்தின் பக்கம் கொண்டுபோகாதே, துப்பட்டாவும் வேண்டாம்.

கிளட்ச் இழுக்கிறது என்று தெரிந்தால் கேபிளிலிருந்து தொடங்கு. ஹேண்டில் முனையில் லீவருக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் போதும், உன் வீடியோவில் பார்த்தால் பாதி தூரம் சும்மாவே வருகிறது. கேபிள் நைந்து இழுபட்டிருக்கும். புதுசு போட்டு, உள்ளே ஆயில் விட்டு, வளைவு இல்லாமல் கொண்டுபோய் மாட்டச் சொல். அப்புறம் கியர் பாக்ஸின் வலது பக்க மூடியில் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதைக் கழற்றினால் கிளட்ச் தள்ளும் கம்பிக்கு ஒரு ஸ்குரூவும் லாக் நட்டும் தெரியும். கேபிளைத் தளர்த்திவிட்டு, ஸ்குரூவை கம்பியில் தொடும்வரை திருகி, அரைச் சுற்று பின்வாங்கி, லாக் பண்ண வேண்டும். அதற்குப் பிறகுதான் கேபிள் அட்ஜஸ்ட்மெண்ட். இந்த வரிசையை மாற்றினால் மேலே எவ்வளவு இழுத்தாலும் சரியாக வராது, நிறையப் பேர் மேலே மட்டும் இழுத்து விட்டுவிடுகிறார்கள்.

காலையில் ஸ்டார்ட் பண்ணி முதல் கியர் போட்டதும் டமால் என்று சத்தம் வருகிறதா? ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலோடு ஒட்டிக்கொள்ளும். தாத்தா தினமும் செய்ததை நீயும் செய், கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இரண்டு மூன்று தடவை மிதி, பிளேட் விட்டுவிடும், பிறகு ஸ்டார்ட் பண்ணு.

இப்போது மூன்றாவது விழாத விஷயம். இது 1987 மாடல் புல்லட், வலது காலில் கியர், இடது காலில் பிரேக், முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. நீ ஆபீஸ் போய்வந்த வண்டியில் எல்லாம் தலைகீழ். அந்தப் பழக்கத்தில் சட்டென்று தட்டினால் இந்தப் பெட்டி ஏற்றுக்கொள்ளாது, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு பொய் நியூட்ரலில் நின்றுவிடும். லீவரைத் தட்டாதே, கடைசிவரை அழுத்தி, ஒரு கணம் வைத்திருந்து, விடு. அது நடுநிலைக்குத் திரும்பி வந்த பிறகுதான் அடுத்த கியர். விட்டதும் லீவர் தானாகத் திரும்பவில்லை, தொங்கிக்கொண்டு நிற்கிறது என்றால் ராட்செட்டின் ஸ்பிரிங் களைத்துவிட்டது, அது சின்ன வேலை. லீவர் மாட்டியிருக்கும் ஷாஃப்டின் வரிப்பற்கள் தேய்ந்திருக்கிறதா, போல்ட் லூசா என்றும் ஆட்டிப் பார்.

லீவரை மேலே தூக்கச் சுலபமாக இருந்து கீழே அழுத்தும்போது மட்டும் பாதியில் நிற்கிறதென்றால் ராட்செட்டின் அசைவை நிறுத்தும் ஸ்டாப் பிளேட் நகர்ந்திருக்கும். அதன் பிடிமானத்தைக் கொஞ்சம் தளர்த்தி, இரண்டு பக்கமும் ஒரே அளவு தூரம் கிடைக்கும்படி நகர்த்தி இறுக்குவார்கள். தொடுவதற்கு முன் இப்போதைய இடத்தை ஒரு கோடு கீறி அடையாளம் வைத்துவிட வேண்டும், இதை நீயே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே வித்தியாசம் தெரியும். கியர் பாதி மட்டும் விழுந்திருந்தால் அது தானாகக் கழல்வதற்கும் இதுவே காரணம், அதனால் உன் மூன்றாவது புகாரும் இங்கேயே தீர்ந்துவிட வாய்ப்பு இருக்கிறது. அதற்காகத்தான் பெட்டியைத் திறக்காதே என்கிறேன்.

நியூட்ரலுக்கு ஒரு வழி சொல்கிறேன். கியர் லீவரோடு குதிகாலால் மிதிக்க இன்னொரு சின்ன லீவர் இருக்கிறதே, அதை நீ தொடுவதே இல்லை என்று நினைக்கிறேன். நாலு, மூன்று, இரண்டு, எதில் இருந்தாலும் கிளட்சைப் பிடித்து அதை மிதித்தால் நேராக நியூட்ரல். முதல் கியரிலிருந்து மட்டும் வேலை செய்யாது. அதனால் பெங்களூர் சில்க் போர்டு சிக்னலுக்கு வரும்போது முதல் கியருக்கு இறக்காதே, இரண்டில் உருண்டு வந்து, வண்டி நிற்பதற்கு முன்பே குதிகாலால் மிதித்துவிடு. பின்னால் வந்த ஐந்து கியர், இடது பக்க லீவர் மாடல்களில் இந்த வசதி கிடையாது. சிலர் இதைக் கழற்றி இடது பக்கத்துக்கு மாற்றச் சொல்வார்கள், எனக்கு அதில் துளியும் சம்மதம் இல்லை.

ஆயில் விஷயம் சுருக்கமாக. கியர் பெட்டிக்கு நைன்டி கியர் ஆயில், அளவு பார்க்கும் போல்ட்டின் மட்டம் வரை. இடது பக்கம் கிளட்ச் இருக்கும் கேஸுக்கு ஆயில் தனி. அதற்கு கெட்டியான கியர் ஆயிலை யாராவது ஊற்றியிருந்தாலும் கிளட்ச் இழுக்கும், போனமுறை சர்வீஸில் என்ன ஊற்றினார்கள் என்று கேள். எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயினில் இறுக்கமான இடத்தில் கால் அங்குலம் ஆட்டம், பின் செயினில் ஓர் அங்குலம் இருக்க வேண்டும். செயின் தொங்கினாலும் கியர் மாற்றும்போது உதைக்கும், அதைப் பெட்டியின் குற்றம் என்று நினைத்துவிடுவோம்.

இத்தனையும் சரி பண்ணிய பிறகும், ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதோ விடும்போதோ இரண்டாவது கழன்றால், அப்போது உள்ளேதான். ஒன்றையொன்று கவ்வும் கட்டைப் பற்களின் முனை மழுங்கியிருக்கும், அல்லது கியரை நகர்த்தும் ஃபோர்க் தேய்ந்திருக்கும். அப்போது திறக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பெட்டியை வண்டியிலேயே வைத்து வலது பக்கமாகப் பிரிக்கலாம், எஞ்சினை இறக்க வேண்டும் என்று சொன்னால் ஏன் என்று கேள். தேய்ந்த பாகத்தைக் கையில் வாங்கிப் பார், அதை மட்டும் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் தேடலாம். பழைய பாகங்களைக் கடையில் விட்டுவிடாதே, எனக்குக் கொண்டுவா.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டாவது கழல்வது நிற்கும்வரை இந்த வண்டியில் சேலம் வராதே. தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாயில் இறங்கும்போது எஞ்சின்தான் வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். அந்த இறக்கத்தில் கியர் கழன்றால் மிச்சம் இருப்பது இரண்டு டிரம் பிரேக் மட்டும், பின்னால் லோடு லாரி வந்துகொண்டிருக்கும். அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. பொங்கலுக்குள் சரியாகவில்லை என்றால் பஸ்ஸில் வா, நான் ஸ்பேனர் செட்டோடு உன்கூடவே பெங்களூர் வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சக்கரச் சோதனை இரண்டையும் வீடியோ எடுத்து அனுப்பு, சத்தம் கேட்கும்படி பக்கத்திலிருந்து எடு.

அன்புடன்,
அப்பா